உணர்செல்களில் அயனிக் கால்வாய்களின் திறப்பும் மூடலும்: வடசென்னைத் தொழிற்பகுதியின் ‘பழகிப்போச்சு’ என்னும் வழக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

எண்ணூர், மணலி, சாத்தாங்காடு, திருவொற்றியூர் ஆகிய பகுதிகளில் வாழ்வோரிடம் காற்றின் வாடை குறித்தோ ஓசை குறித்தோ வினவினால் ‘பழகிப்போச்சு’ என்னும் விடை கிடைப்பதுண்டு. களஆய்வாளர் இவ்விடையைப் ‘பாதிப்பு இல்லை’ எனப் பதிவு செய்துவிடும் வாய்ப்பு உள்ளது. உணர்செல்களின் சவ்வில் அமைந்த அயனிக் கால்வாய்கள் எவ்வாறு திறக்கின்றன, எவ்வாறு மூடுகின்றன என்பதை நெடி, வாடை, ஓசை ஆகிய மூன்று உணர்வுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. கால்வாய் திறந்தால் தூண்டல் உண்டு என்று கொள்ளலாம். கால்வாய் மூடியிருப்பதைக் கொண்டு தூண்டல் இல்லை என்று கொள்ள இயலாது என்பதே இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: அயனிக் கால்வாய், உணர்செல், முடக்க நிலை, நெடி, அம்மோனியா, உணர்மயிர்ச் செல், வடசென்னை.

முன்னுரை

வடசென்னையின் துறைமுகத் தொழிற்பகுதி உரம், பெட்ரோலியம், மின்னுற்பத்தி, இரும்பு வணிகம் ஆகியன நெருங்கி அமைந்த நிலப்பரப்பு. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதனைச் சார்ந்த வேதித் தொழிற்சாலைகளும் உள்ளன. எண்ணூரில் அனல்மின் நிலையங்களும் உரத் தொழிற்சாலையும் உள்ளன. மணலிக்கும் திருவொற்றியூருக்கும் இடையே சாத்தாங்காட்டில், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் உருவாக்கிய இரும்பு எஃகுச் சந்தை இயங்குகிறது. இங்கு வாழ்வோரின் மூக்கும் கண்ணும் செவியும் நாள்தோறும் பலவகைத் தூண்டல்களை ஏற்கின்றன.

இத்தகைய இடத்தில் ‘பழகிப்போச்சு’ என்பது அன்றாட வழக்காகும். அதனை மனவுறுதியின் வெளிப்பாடாகவோ சலிப்பின் வெளிப்பாடாகவோ கொள்வது சமூகவியல் நோக்கு. அச்சொல்லுக்கு உயிரியல் அடிப்படை ஒன்றும் உண்டு. அவ்வடிப்படையை அறியாமல் அச்சொல்லைத் தரவாகக் கையாள்வது பிழையான முடிவுகளுக்கு இட்டுச் செல்லும்.

1. கால்வாயும் மதகும்

செல்லைச் சூழ்ந்துள்ள சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன ஈரடுக்கு. அதன் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு முதலிய அயனிகள் மின்னேற்றம் உடையவை. ஆதலின் கொழுப்படுக்கை அவற்றிற்கு வழிவிடுவதில்லை. சவ்வை ஊடுருவி நிற்கும் சில புரதங்களின் நடுவே நீர் நிறைந்த நுண்துளை ஒன்று அமைந்துள்ளது. அயனிகள் அதன் வழியே செல்லும். இப்புரதமே அயனிக் கால்வாய் எனப்படுகிறது. துளையின் குறுகிய பகுதியை அடைத்தும் விடுத்தும் இயங்கும் உறுப்பை மதகு எனலாம்.

ஓய்வு நிலையில் உள்ள நரம்புச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைக் காட்டிலும் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மை கொண்டது. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆயினும் 5 நானோமீட்டர் தடிமனுக்குள் நிலவுவதால் இது சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட் என்னும் வலிய மின்புலமாகிறது. சோடியமும் கால்சியமும் செல்லுக்கு வெளியே மிகுதியாக உள்ளன. எனவே அவற்றிற்குரிய மதகு திறந்த அக்கணமே அவை உட்புகுகின்றன; செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது; மாற்றம் போதிய அளவை எட்டின் நரம்பில் செயல்நிலை மின்னழுத்தம் எழுகிறது. வெப்பம், வேதிப்பொருள், ஓசை என வெளியுலகத் தூண்டல் எதுவாயினும் இறுதியில் அது மதகின் திறப்பாகவோ மூடலாகவோ மாறியாக வேண்டும்.

எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் ஆகிய இருவரும் 1976இல் ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தை அளந்து காட்டினர். 1991இல் நோபல் பரிசு பெற்றனர். நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையைச் சவ்வின்மீது பொருத்தி, அம்முனைக்குள் அகப்பட்ட கால்வாயின் மின்னோட்டத்தை மட்டும் பதிவு செய்தல் அவர்தம் முறை. ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டம் சில பிக்கோஆம்பியர் அளவினது. 1 பிக்கோஆம்பியர் என்பதே நொடிக்கு ஏறத்தாழ 62 இலட்சம் ஒற்றை மின்னேற்ற அயனிகள் கடப்பதைக் குறிக்கும்.

இப்பதிவுகள் காட்டிய உண்மை இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. ஏரி மதகைக் கால்பங்கு, அரைப்பங்கு எனச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். அயனிக் கால்வாயின் மதகு பெரும்பாலும் அவ்வாறு இயங்குவதில்லை. அது மூடியிருக்கும், அல்லது திறந்திருக்கும். தூண்டல் வலுக்கும்போது மாறுவது திறப்பின் அகலம் அன்று. திறந்திருப்பதற்கான நிகழ்தகவே மாறுகிறது. தூண்டல் இல்லாதபோதும் கால்வாய் எப்போதேனும் திறக்கும். வலிய தூண்டலின்போதும் இடையிடையே மூடும். ஆயிரக்கணக்கான கால்வாய்களின் கூட்டு நிகழ்தகவையே நாம் மெல்லிய உணர்வு, கடும் உணர்வு என அறிகிறோம்.

2. மூடிய நிலையும் முடங்கிய நிலையும்

கால்வாய்க்குத் திறந்த நிலை, மூடிய நிலை ஆகிய இரண்டு மட்டுமே உண்டு எனக் கொண்டால் ‘பழகுதல்’ என்பதை விளக்க இயலாது. மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. அதனை முடக்க நிலை எனலாம்.

ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஆகியோர் கணவாயின் பெருநரம்பில் ஆய்வு நிகழ்த்தி 1952இல் வெளியிட்ட கட்டுரைகளில் இது தெளிவாயிற்று. நரம்பின் மின்னழுத்தத்தை உயர்த்திய நிலையிலேயே நிறுத்தி வைத்தனர். சோடியம் முதலில் விரைந்து உட்புகுந்தது. சில மில்லிநொடிகளில் அவ்வோட்டம் நின்றது. தூண்டல் நீங்காதபோதே ஓட்டம் நின்றது என்பது இங்குக் கருதத்தக்கது. பின்னர் உடனே அளிக்கப்பட்ட புதிய தூண்டலுக்கும் கால்வாய்கள் உரியவாறு திறக்கவில்லை. மின்னழுத்தம் ஓய்வு நிலைக்கு மீண்டு சிறிது நேரம் கழிந்த பின்னரே அவை திறக்கும் ஆற்றலை மீண்டும் பெற்றன.

மூடிய கால்வாய் தூண்டலை எதிர்நோக்கி நிற்கிறது. முடங்கிய கால்வாயோ தூண்டலைப் பெற்றதன் விளைவாகவே செயலற்று நிற்கிறது. அயனி கடவாமை இரண்டிற்கும் பொது. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். அவற்றின் காரணமோ நேர்மாறானது. வேதித் தூண்டலால் திறக்கும் கால்வாய்களில் இந்நிலையை உணர்திறன் இழப்பு என வழங்குவர்.

3. நெடி: மூக்கில் நிகழும் மெய்யுணர்வு

தமிழில் மணம், வாடை, நாற்றம் என்பன ஒருபுறமும் நெடி, கமறல் என்பன மற்றொருபுறமும் நிற்கின்றன. மல்லிகைக்கு மணம் உண்டு, நெடி இல்லை. வறுபடும் மிளகாய்க்கும் அமிலத்திற்கும் நெடி உண்டு. இவ்வேறுபாடு உடற்செயலியலிலும் உள்ளது. மணத்தை நுகர்ச்சி நரம்பு உணர்கிறது. நெடியை உணர்வது முகத்தின் தோல், கண், நாசி ஆகியவற்றிற்குத் தொடுவுணர்வும் வலியுணர்வும் தரும் ஐந்தாம் மண்டை நரம்பு. தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் எழும் கமறல் பிற நரம்புகளின் வழி மூளையை அடைகிறது. மெய், வாய், மூக்கு, கண், செவி என அறிவை வகுத்த தொல்காப்பிய மரபின்படி நோக்கினால், நெடி மூக்கில் நிகழினும் மெய்யால் உற்றறியப்படுவதே ஆகும்.

நெடியை உணரும் நரம்பு முனைகளில் இரு கால்வாய்கள் முதன்மையானவை. ஒன்று டிஆர்பிவி1. இது மிளகாயின் கேப்சைசினாலும் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தாலும் திறக்கிறது. டேவிட் ஜூலியசின் ஆய்வகம் 1997இல் இதனைக் கண்டறிந்தது. அவர் 2021ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஆர்டெம் படபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். மற்றொன்று டிஆர்பிஏ1. இது கடுகின் காரப்பொருளாலும், புகையிலுள்ள அக்ரோலினாலும் திறக்கிறது. இப்பொருள்கள் கால்வாய்ப் புரதத்தின் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்களோடு வேதிப்பிணைப்பு கொள்கின்றன, புரதத்தின் வடிவம் மாறுகிறது, மதகு திறக்கிறது.

அம்மோனியாவின் வழி வேறானது. அதற்கு மின்னேற்றம் இல்லை. எனவே சவ்வை எளிதாகக் கடக்கிறது. உட்சென்றதும் ஒரு புரோட்டானைக் கவர்ந்து அம்மோனியம் அயனியாகிறது. இதனால் செல்லின் உட்புறம் காரத்தன்மை அடைகிறது. இவ்வகை உட்காரத்தன்மை டிஆர்பிஏ1 கால்வாயைத் திறக்கிறது என்றும், அதற்கு அப்புரதத்தின் முன்முனையிலுள்ள இரு சிஸ்டீன்கள் காரணம் என்றும் 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. டிஆர்பிவி1 கால்வாயும் உட்காரத்தன்மையால் திறப்பது 2009இல் அறியப்பட்டது. மதகு திறந்ததும் கால்சியமும் சோடியமும் உட்புகுகின்றன, எரிச்சல் எழுகிறது, கண் மூடுகிறது, நீர் வடிகிறது, இருமல் தோன்றுகிறது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் நிகழ்ந்தது இதுவே. கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண்ணெரிச்சல், தொண்டைக் கமறல், மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆலை வாயிலருகே அம்மோனியாவின் அளவு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் எனத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதிவு செய்தது. 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400 மைக்ரோகிராம்.

இவ்வெண்ணைப் பாதுகாப்புக் கையேடுகளின் அலகுக்கு மாற்றினால், காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 3 பங்கு எனக் கிடைக்கும். அம்மோனியாவை மூக்கு அறியும் எல்லை ஆளுக்காள் மாறுபடும். பொதுவாக 5 பங்கு எனக் குறிப்பிடப்படுகிறது. பணியிடத்தில் 15 நிமிட வெளிப்பாட்டுக்கு அமெரிக்கத் தொழில்நலக் கழகம் பரிந்துரைக்கும் உச்சம் 35 பங்கு. பதிவான எண்ணை மட்டும் நோக்குவோர், இத்துணை மக்கள் திணறியது எவ்வாறு என வினவக்கூடும்.

இங்கு முரண் ஏதும் இல்லை. கருவி, தான் நின்ற இடத்தில், தான் அளந்த நேரத்தில் இருந்ததைச் சொல்லும். வாயு கடற்காற்றில் திரளாக நகரும். உச்சம் ஓரிடத்தில் சில நிமிடங்களே நிற்கும். நாள் முழுவதற்குமான சராசரி அவ்வுச்சத்தைக் கரைத்துவிடும். நரம்பு முனையிலுள்ள கால்வாயோ உச்சம் கடக்கும்போதே திறக்கிறது. குப்பத்து மக்களின் கண்ணெரிச்சல், கருவி இல்லாத இடத்தில் எடுக்கப்பட்ட அளவீடாகும். எனினும் இவ்வளவீட்டிற்கு ஓர் எல்லை உண்டு. கடுகு, புகை, அம்மோனியா ஆகிய மூன்றிற்கும் டிஆர்பிஏ1 திறப்பதால், எப்பொருள் என்பதை எரிச்சலைக் கொண்டு மட்டும் துணிய இயலாது. அதற்கு வேதிப்பகுப்பாய்வு தேவை.

கால்வாயின் வழி உட்புகும் கால்சியமே பின்னர் அதன் உணர்திறனைக் குறைக்கிறது. டிஆர்பிவி1 கால்வாயில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. காரம் மிகுதியாக உண்போர்க்கு அது உறைக்காமல் போவதில் இதற்குப் பங்குண்டு. கேப்சைசின் களிம்பு வலியைத் தணிப்பதிலும் இதன் பங்கு உண்டு. டிஆர்பிஏ1 கால்வாயில் கால்சியம் முதலில் திறப்பை விரைவுபடுத்திப் பின்னர் முடக்குகிறது. தொடர்ந்து அம்மோனியாச் சூழலில் இருப்போர் அதன் இருப்பை உணர்வது குறைகிறது என்பது தொழில்நலத் துறையில் நெடுங்காலமாக அறியப்பட்டது. ஆனால் அம்மோனியா கண்ணின் சவ்வையும் நுரையீரலின் உட்பரப்பையும் தாக்குவதற்குக் கால்வாயின் இசைவு தேவையில்லை. எச்சரிக்கை ஓய்ந்தாலும் அரிப்பு ஓய்வதில்லை.

4. வாடை: தன்னைத் தானே அடைக்கும் மதகு

நுகர்ச்சிச் செல்லில் வேதிப்பொருள் கால்வாயை நேரடியாகத் திறப்பதில்லை. 1991இல் லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் ஆகியோர் கண்டறிந்த நுகர்ச்சி ஏற்பிகளுள் ஒன்றோடு அப்பொருள் இணைகிறது. ஏற்பி உட்புறத்து நொதி ஒன்றைத் தூண்ட, வளைய ஏஎம்பி என்னும் செய்தி மூலக்கூறு உருவாகிறது. அது கால்வாயின் உட்புறத்தில் இணைந்து மதகைத் திறக்கிறது. கால்சியமும் சோடியமும் உட்புகுகின்றன. அக்கால்சியம் குளோரைடுக் கால்வாய்களைத் திறக்க, குளோரைடு வெளியேறி மின்மாற்றத்தைப் பெருக்குகிறது.

அதே கால்சியம் மற்றொரு செயலையும் செய்கிறது. கால்மோடுலின் என்னும் புரதத்தோடு சேர்ந்து, முதற்கால்வாய்க்கு வளைய ஏஎம்பியின்பால் உள்ள நாட்டத்தைக் குறைக்கிறது. முன்னர்ப் போதுமானதாக இருந்த செய்தி இப்போது போதாமல் போகிறது. வாயு அவ்வாறே இருக்க, மதகு மூடுகிறது. வீட்டிற்குள் நுழைந்ததும் உணரும் வாடை சில நிமிடங்களில் மறைவதில் இதற்குப் பங்குண்டு. மூளையில் நிகழும் பழக்கமும் இதனோடு சேர்கிறது.

இவ்வியல்பு உயிருக்கே ஊறு செய்யும் இடமும் உண்டு. கழிவுநீர்க் குழாய்களிலும் பெட்ரோலியத் தொழிலிலும் எதிர்ப்படும் ஹைட்ரஜன் சல்பைடு, மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் வீசும். பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது சில நிமிடங்களில் மூக்கு அதனை அறியும் ஆற்றலை இழக்கிறது. இங்கு நச்சே நுகர்ச்சியைச் செயலிழக்கச் செய்வதால் இது வெறும் பழக்கத்தினும் கடுமையானது. ‘நாற்றம் போய்விட்டது’ என நினைத்து ஆள்நுழைவுக் குழியில் மேலும் இறங்குவோர் உயிரிழக்கின்றனர். நாற்றம் நின்றதைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளக்கூடாது என்பது எல்லாப் பாதுகாப்புக் கையேடுகளும் வலியுறுத்தும் விதியாகும்.

5. ஓசை: இழையால் இழுக்கப்படும் மதகு

சாத்தாங்காட்டுச் சந்தையின் சூழல் வேறு. எஃகுத் தகடுகளையும் கம்பிக் கட்டுகளையும் சரக்குந்திலிருந்து இறக்குதல், வெட்டுதல், அடுக்குதல் ஆகிய பணிகளில் எழுவது வேதித் தூண்டல் அன்று, இயந்திரத் தூண்டல். அதற்குரிய கால்வாயின் திறப்பு முறையும் வேறு.

உட்செவியின் காக்லியாவில் உணர்மயிர்ச் செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் உச்சியிலும் படிக்கட்டுப்போல் உயரம் மாறும் நுண்மயிர்க் கற்றை உள்ளது. குட்டை மயிரின் முனையை அடுத்த நெட்டை மயிரின் பக்கத்தோடு மெல்லிய இழை ஒன்று பிணைக்கிறது. காடெரின் 23, புரோட்டோகாடெரின் 15 ஆகிய இரு புரதங்களால் ஆனது அவ்விழை. ஓசையதிர்வு கற்றையைச் சாய்க்கும்போது இழை இறுகி, குட்டை மயிரின் முனையிலுள்ள கால்வாயை இழுத்துத் திறக்கிறது. இக்கால்வாயின் இன்றியமையாக் கூறு டிஎம்சி1 என்னும் புரதமாகும். இடையில் வேதிச் செய்தி ஏதும் இல்லாததால் திறப்பு மைக்ரோநொடிகளில் நிகழ்கிறது. கற்றையைச் சூழ்ந்த நீர்மத்தில் பொட்டாசியம் மிகுதி. எனவே இங்கு உட்புகுவது பெரும்பாலும் பொட்டாசியமே.

கற்றை சாய்ந்தபடியே நின்றால் இழையின் இறுக்கம் விரைவில் தளர்த்தப்பட்டுக் கால்வாய்கள் மூடுகின்றன. செவி நுண்ணிய மாற்றங்களை உணரும் ஆற்றலைக் காத்துக்கொள்ள இத்தகவமைவு உதவுகிறது. இது நலம் தருவது. மிகையோசையின் விளைவு வேறு. அதில் இழைகள் அறுகின்றன, கற்றைகள் குலைகின்றன. சந்தையிலிருந்து வீடு திரும்பியவருக்குச் சில மணி நேரம் காது அடைத்தாற்போல் இருப்பது இதன் மெல்லிய வடிவம். அறுந்த இழைகள் மீண்டும் உருவாகக் கூடும். உணர்மயிர்ச் செல் இறந்துபட்டாலோ, பாலூட்டிகளில் அது மீண்டும் தோன்றுவதில்லை. மனிதனின் ஒரு செவியில் உள்வரிசையில் ஏறத்தாழ 3,500 செல்களே உள்ளன.

ஷேரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஓர் உண்மையைக் காட்டியது. மிகையோசைக்கு உட்பட்ட எலிகளின் கேள்திறன் எல்லை பின்னர்ப் பழைய நிலைக்கு மீண்டது. ஆனால் உணர்மயிர்ச் செல்களை நரம்போடு இணைக்கும் இணைப்புகளுள் பல மீளாமல் அழிந்திருந்தன. வழக்கமான கேள்திறன் சோதனையில் இவ்விழப்பு புலப்படுவதில்லை. ஆகவே ‘இப்போது சத்தம் உறைப்பதில்லை’ என்னும் கூற்று தகவமைவையும் குறிக்கலாம், இழப்பையும் குறிக்கலாம். கூறுபவராலேயே இரண்டையும் பிரித்தறிய இயலாது.

6. களஆய்வில் கருத வேண்டியன

மேற்கண்ட மூன்று உணர்வுகளிலும் திறப்பின் வழி வெவ்வேறு. நெடியில் வேதிமாற்றம், வாடையில் செய்தி மூலக்கூறு, ஓசையில் இழையின் இழுவிசை. மூன்றிலும் தூண்டல் நீடிக்கும்போதே உணர்வு தளர்வது பொது. இதிலிருந்து, தொழிற்பகுதிகளில் வாய்மொழித் தரவு திரட்டும் சமூகவியல், மொழியியல், பொதுநல ஆய்வாளர்க்குச் சில முறையியல் கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவதாக, ‘பழகிப்போச்சு’ என்னும் விடையை ‘இல்லை’ என்னும் பகுப்பில் சேர்த்தல் தகாது. பழகுவதற்கு முன் ஒன்று இருந்தாக வேண்டும்; அவ்வகையில் அது தொடர் வெளிப்பாட்டைச் சுட்டும் விடையாகும். அதற்குத் தனிப்பகுப்பு வேண்டும்.

இரண்டாவதாக, வினவும் காலம் கருதத்தக்கது. முடங்கிய கால்வாய் தூண்டலிலிருந்து விலகியபின் மீள்கிறது. எனவே ‘இப்போது வாடை வருகிறதா’ என்பதினும், ‘வெளியூர் சென்று திரும்பிய அன்று எப்படி இருந்தது’, ‘வீட்டிற்கு வரும் உறவினர் என்ன சொல்கின்றனர்’ என்னும் வினாக்கள் கூடுதல் பயன் தரும்.

மூன்றாவதாக, வாடை, நெடி, கமறல், எரிச்சல் ஆகிய சொற்களை ஒரே பொருளனவாகத் தொகுத்தலைத் தவிர்க்க வேண்டும். மக்கள் ‘நெடி’ என்றால் வலியுணர் நரம்பு தூண்டப்பட்டுள்ளது என்று கருத இடமுண்டு. பிறமொழிப் படிவங்களை மொழிபெயர்த்துப் பயன்படுத்தும்போது இவ்வேறுபாடு தொலைந்துபோகிறது.

நான்காவதாக, மக்கள் கூறும் நேரத்தையும் இடத்தையும் குறித்து, அவற்றைக் குறுகிய இடைவெளியில் பதியும் கருவிகளின் அளவீட்டோடு ஒப்பிடுதல் வேண்டும். நாட்சராசரியோடு மட்டும் ஒப்பிட்டு வாய்மொழியை மிகை என ஒதுக்குவது முறையாகாது.

முடிவுரை

அயனிக் கால்வாய் செறிவை அளந்து சேமித்து வைக்கும் கருவி அன்று; மாற்றத்தை அறிவிக்க அமைந்த உறுப்பு. மாறாது நீடிப்பதை அது விரைவில் விட்டுவிடுகிறது. காட்டிலும் வயலிலும் உயிரைக் காத்த இவ்வியல்பு, ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் தொழிற்சூழலில் எச்சரிக்கையை இழக்கச் செய்கிறது. 2023 டிசம்பர் இரவில் பெரியகுப்பத்து மக்கள் எழுந்து ஓடியதற்குக் காரணம், அன்றைய மாற்றம் திடீரெனவும் பெரிதாகவும் இருந்தமையே. சிறிய அளவில் நாள்தோறும் வருவது எவரையும் எழுப்புவதில்லை. அதனை அறியும் பொறுப்பைக் குடியிருப்போரின் மூக்கிடமும் செவியிடமும் விடுவது ஏற்புடையதன்று. இடைவிடாத கருவிப் பதிவும் காலமுறைச் செவிச் சோதனையும் அப்பொறுப்பை ஏற்க வேண்டும். ‘பழகிப்போச்சு’ என ஒருவர் கூறும் இடத்தில் ஆய்வு முடிவதில்லை. அங்கிருந்தே அது தொடங்க வேண்டும்.